உழைப்பும் மூச்சும்

அமைதியாக உட்கார்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அரை லிட்டர் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது. நிமிடக் கணக்கில் அது 6 முதல் 8 லிட்டர். அதே மனிதர் மேட்டுப் பாதையில் முழு வேகத்தில் ஓடினால் அந்த அளவு 100 லிட்டரை நெருங்கும் அல்லது தாண்டும். தேர்ந்த துடுப்புப் படகு வீரர்களிடம் 200 லிட்டர் வரைகூட அளந்திருக்கிறார்கள். ஓய்வில் உடலுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டர் ஆக்சிஜன் போதும். கடும் உழைப்பில் சாதாரண இளைஞருக்கு 3 லிட்டரும், நெடுந்தொலைவு ஓட்டத்தில் தேர்ந்தவருக்கு 5 லிட்டருக்கு மேலும் வேண்டும்.

இத்தனை பெரிய ஏற்றத்துக்கு நடுவிலும் தமனி இரத்தத்திலுள்ள ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் பெரும்பாலும் நிலை மாறுவதில்லை. உழைப்பு எவ்வளவு என்பதை உடல் எப்படி அறிந்து, அதற்குச் சரியாக மூச்சை ஏற்றுகிறது என்பது உடலியலின் பழைய புதிர்களுள் ஒன்று. அதோடு சேர்ந்த இன்னொரு கேள்வி, பயிற்சியால் மாறுவது எது என்பது. ஓடினால், நீந்தினால் நுரையீரல் பெரிதாகும், அதனால்தான் மூச்சு வாங்குவது குறைகிறது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நூறாண்டு கால அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை.

காற்றின் பாதை

மூக்கு வெறும் துவாரம் அல்ல. உள்ளே வரும் காற்றை உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்பும் உறுப்பு அது. குரல்வளையைத் தாண்டிய காற்று மூச்சுக்குழலில் இறங்குகிறது. அந்தக் குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகி, இப்படிச் சுமார் 23 தலைமுறைகள் கிளைக்கிறது. சுவிட்சர்லாந்து உடற்கூறியலாளர் ஏவால்ட் வைபெல் 1963இல் வகுத்த இந்தக் கணக்கே இன்றும் பாடநூல்களின் அடிப்படை. முதல் 16 தலைமுறைக் குழல்கள் காற்றைக் கடத்துவதோடு சரி, வாயு மாற்றம் அங்கே நடப்பதில்லை. அவற்றுக்குள் தங்கும் 150 மில்லி லிட்டர் காற்று ஒவ்வொரு மூச்சிலும் பயனின்றிப் போய் வருகிறது. அதற்குப் பின்வரும் நுண்கிளைகளில்தான் வளி நுண்ணறைகள் தொடங்குகின்றன. பழைய மதிப்பீடு அவற்றை 30 கோடி என்றது. பின்னர் வந்த நுட்பமான எண்ணிக்கைகள் சராசரியாக 48 கோடி என்கின்றன. அறைக் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் பெரும்பாலான இடங்களில் ஒரு மைக்ரோ மீட்டர் தடிமன்கூட இல்லை.

நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. நெஞ்சறையின் தரையாக அமைந்த உதரவிதானம் சுருங்கிக் கீழே இறங்குகிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் கூட்டை மேலும் வெளியுமாக உயர்த்துகின்றன. நெஞ்சறை அகலும்போது, அதன் உட்சுவரோடு ஈரப்படலத்தால் ஒட்டிய நுரையீரலும் கூடவே அகலுகிறது. உள்ளே அழுத்தம் சற்றுக் குறைய, வெளிக்காற்று பாய்கிறது. மென்மூச்சில் உதரவிதானம் ஒரு சென்டி மீட்டர்தான் இறங்கும். ஆழ்ந்த மூச்சில் 10 சென்டி மீட்டர் வரை இறங்கலாம். கொல்லன் துருத்தியில் காற்றை வெளியே தள்ளத்தான் அழுத்த வேண்டும். நெஞ்சில் அது தலைகீழ். உள்ளே இழுக்கத்தான் உழைப்பு வேண்டும். தசை தளர்ந்தவுடன் மீள்தன்மை கொண்ட நுரையீரல் தானே சுருங்கிக் காற்றை வெளியேற்றிவிடும். ஓடும்போது மட்டுமே மூச்சை விடுவதும் உழைப்பாகிறது. அப்போது வயிற்றுத் தசைகள் இறுகி உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் கண்டங்களிலிருந்து வருகிறது. இவ்வளவு கீழேயுள்ள தசைக்குக் கழுத்திலிருந்து நரம்பு வருவதால்தான், முதுகின் நடுவில் அடிபட்டு நடக்க முடியாமல் போனவரும் தானாக மூச்சு விடுகிறார். அடி கழுத்தின் உச்சியில் விழுந்தால் மூச்சும் நின்றுவிடுகிறது.

நுண்ணறைகளின் உட்சுவரில் படிந்த நீர்ப்படலத்துக்குச் சுருங்கும் இயல்பு உண்டு. அதை அப்படியே விட்டால் நுண்ணறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அறைச் சுவரின் ஒருவகைச் செல்கள் சுரக்கும் கொழுப்புப் பொருள் ஒன்று அந்தப் பரப்பு இழுவிசையைக் குறைத்து அறைகளைத் திறந்து வைக்கிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறப்பதற்கு இப்பொருள் போதாமையே காரணம் என்று 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெர் மீடும் கண்டறிந்தார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் பிறந்து இரண்டு நாள்கூட ஆகாமல் இறந்தது இந்த நோயால்தான். 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா அப்பொருளைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்திக் காப்பாற்றிக் காட்டினார். இன்று பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அது வழக்கமான மருந்து. உடலியல் ஆய்வு நேரடியாக உயிர்களைக் காத்த கதைகளில் இதற்கு இணையானவை சிலவே.

அளவுகள்

நுரையீரலின் கொள்ளளவை முதன்முதலில் முறையாக அளந்தவர் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன். நீரில் கவிழ்த்த கலத்துக்குள் ஊதச் செய்யும் சுவாசமானியை வடிவமைத்து, 2,000க்கும் மேற்பட்டவர்களை அளந்து, 1846இல் முடிவுகளை வெளியிட்டார். முழுக்க இழுத்து முழுக்க ஊதினால் வெளிவரும் காற்றுக்கு அவர் இட்ட பெயரின் தமிழாக்கமே ‘உயிர்ப்புத்திறன்’. அது ஆண்களுக்கு நான்கரை முதல் 5 லிட்டர், பெண்களுக்கு 3 முதல் மூன்றரை லிட்டர் அளவில் இருக்கும். எவ்வளவு ஊதினாலும் உள்ளே தங்கிவிடும் எஞ்சிய காற்று இன்னும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல். உயிர்ப்புத்திறன் உயரத்தைச் சார்ந்தது என்பதை ஹட்சின்சனே கண்டார். வயது, பாலினம், உயரம் மூன்றும் தெரிந்தால் ஒருவரின் நுரையீரல் அளவை இன்றும் ஓரளவு கணித்துவிடலாம். அந்தக் கணக்கில் உடற்பயிற்சிக்கு இடமே இல்லை.

எவ்வளவு காற்று போய் வருகிறது என்பதை விட எவ்வளவு நுண்ணறையை எட்டுகிறது என்பதே முக்கியம். நிமிடத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொன்றும் 500 மில்லி லிட்டர் என்றால் மொத்தம் 6 லிட்டர். குழல்களில் வீணாகும் 150 மில்லி லிட்டரைக் கழித்தால் நுண்ணறைக்குப் போவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 200 மில்லி லிட்டராக 30 முறை மேலோட்டமாக இழுத்தால் ஒன்றரை லிட்டர்தான் நுண்ணறையைச் சேரும். ஒரு லிட்டராக ஆறு முறை ஆழமாக இழுத்தால் 5.1 லிட்டர் சேரும். உழைக்கத் தொடங்கும் உடல் முதலில் மூச்சின் ஆழத்தையும் பிறகே எண்ணிக்கையையும் கூட்டுவதன் நியாயம் இந்தக் கழித்தலில் இருக்கிறது.

இரத்தத்துக்குள் நுழைதல்

உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, வெளிவரும் காற்றில் ஏறத்தாழ 16. கார்பன் டை ஆக்சைடு 0.04 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்ந்து வெளிவருகிறது. நுண்ணறையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 100 மி.மீ. பாதரசம். உடலைச் சுற்றி வந்த சிரை இரத்தத்தில் அது 40. இந்த வேறுபாடே ஆக்சிஜனைச் சுவருக்கு அப்பால் செலுத்துகிறது. கார்பன் டை ஆக்சைடு 46இலிருந்து 40ஆக இறங்க, எதிர்த்திசையில் வெளியேறுகிறது.

இவ்வளவு எளிய விளக்கம் போதாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய அறிவியலாளர்களே நினைத்தார்கள். கோபன்ஹேகனின் கிறிஸ்டியன் போரும் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் ஸ்காட் ஹால்டேனும், சுரப்பி போல நுரையீரலே ஆக்சிஜனை முயன்று இரத்தத்துக்குள் தள்ளுகிறது என்றார்கள். போரின் மாணவரான ஆகஸ்ட் குரோக், மனைவி மரீ குரோக்குடன் சேர்ந்து செய்த அளவீடுகளை 1910இல் வெளியிட்டார். எந்த நிலையிலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தம் நுண்ணறையின் அழுத்தத்தைத் தாண்டவில்லை. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதே போதும் என்று நிலைநாட்டப்பட்டது. ஆசானின் கொள்கையை மாணவர் அளவீட்டால் மறுத்த இந்த விவாதம், உடலியலை ஊகத்திலிருந்து எண்ணுக்கு நகர்த்திய கட்டங்களில் ஒன்று.

நுரையீரல் தந்துகியில் ஒரு சிவப்பணு ஓய்வில் முக்கால் நொடி தங்குகிறது. ஆக்சிஜன் நிறைய அதற்குக் கால் நொடியே போதும். கடும் ஓட்டத்தில் இரத்தம் விரைந்து, தங்கும் நேரம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தாலும் சிவப்பணு பெரும்பாலும் நிறைந்தே வெளியேறுகிறது. அதோடு, ஓய்வில் அதிகம் இரத்தம் பெறாத நுரையீரலின் மேற்பகுதித் தந்துகிகளும் உழைப்பின்போது திறந்துகொள்கின்றன. மாற்றத்துக்கான பரப்பு அதனால் விரிகிறது. நுரையீரலில் இவ்வளவு சேமிப்பு வைக்கப்பட்டிருக்கிறது.

ஆக்சிஜன் இரத்த நீரில் அதிகம் கரையாது. 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் கரைந்திருப்பது 0.3 மில்லி லிட்டர்தான். ஹீமோகுளோபின் பிணைத்துச் சுமப்பது சுமார் 20 மில்லி லிட்டர். கடல்மட்டத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவரின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே 97 விழுக்காடு நிறைந்திருக்கிறது. ஆகவே ஆழ்ந்து மூச்சிழுத்தால் இரத்தத்தில் ஆக்சிஜன் பெருகும் என்ற பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. தசையில் அதை இறக்கிவிடுவதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. சூடும் அமிலத்தன்மையும் கார்பன் டை ஆக்சைடும் மிகுந்த இடத்தில் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்துகிறது. போர் 1904இல் கண்டறிந்த இந்த விளைவால், உழைக்கும் தசை கேட்காமலே கூடுதல் ஆக்சிஜன் பெறுகிறது. கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ 70 விழுக்காடு பைகார்பனேட்டாக மாறித்தான் திரும்புகிறது. இரத்தத்தின் அமிலச் சமநிலை முழுவதும் இந்த மாற்றத்தோடு பிணைந்திருப்பதால் மூச்சு என்பது அமிலத்தை வெளியேற்றும் வழியும்கூட.

ஆணை எங்கிருந்து வருகிறது

மூச்சின் தாளம் மூளைத்தண்டின் அடியிலுள்ள முகுளத்தில் பிறக்கிறது. அங்கே தாளத்தை உண்டாக்கும் சிறிய நரம்புக் கூட்டம் ஒன்றை ஜாக் ஃபெல்ட்மன் குழுவினர் 1991இல் அடையாளம் காட்டினர். அந்தத் தாளத்தைக் கூட்டிக் குறைப்பது எது? ஆக்சிஜன் குறைவுதான் என்று தோன்றும். 1905இல் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் செய்த சோதனைகள் வேறு விடை தந்தன. நுண்ணறைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு மிகச் சிறிதளவு கூடினாலே மூச்சு இரட்டிப்பாகிறது. ஆக்சிஜனோ கணிசமாகக் குறைந்தால்தான் மூச்சைத் தூண்டுகிறது. முகுளத்தின் உணரிகள் மூளை நீரின் அமிலத்தன்மையைக் கவனிக்கின்றன. கழுத்துத் தமனி கிளைக்கும் இடத்திலுள்ள சின்னஞ்சிறு உறுப்புகள் ஆக்சிஜனைக் கவனிக்கின்றன. பின்னவற்றின் பணியை விளக்கியதற்காக பெல்ஜியத்தின் கோர்னே ஹைமான்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. தமனி ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழே இறங்கும்போதுதான் அவை உரக்கக் குரல் கொடுக்கின்றன.

நுரையீரலுக்குள்ளேயும் உணரிகள் உண்டு. இவற்றுள் தந்துகிகளை ஒட்டி இருப்பவற்றைக் கண்டறிந்தவர் இந்திய உடலியலாளர் அவ்தார் சிங் பெயிண்டல். தந்துகிகளைச் சுற்றி நீர் கோக்கும்போது அவை தூண்டப்பட்டு, மேலோட்டமான விரைந்த மூச்சையும் திணறல் உணர்வையும் எழுப்புகின்றன. இதயம் பலவீனமானவர்கள் சில படி ஏறியதும் திணறுவதைப் புரிந்துகொள்ள இந்த ஆய்வு பெரிதும் உதவியது.

மூச்சைக் கட்டுப்படுத்துவது முதன்மையாகக் கார்பன் டை ஆக்சைடுதான் என்பதற்கு நீருக்குள் நிகழும் மரணங்களே கசப்பான சான்று. தம் கட்டி நீரில் மூழ்குவதற்கு முன் வேகவேகமாகப் பல முறை மூச்சிழுத்து விடும் பழக்கம் நீச்சல் பழகும் இளைஞர்களிடம் உண்டு. அது ஆக்சிஜனைக் கூட்டுவதில்லை, ஹீமோகுளோபின் முன்பே நிறைந்திருக்கிறது. கார்பன் டை ஆக்சைடை மட்டும் வெகுவாகக் குறைக்கிறது. அதனால் மூச்சு விடத் தூண்டும் உந்துதல் தாமதமாகிறது, அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து நீருக்குள்ளேயே நினைவு தப்புகிறது. எச்சரிக்கை இல்லாமல் வரும் மயக்கம் என்பதால் மூழ்குபவருக்குத் தப்ப வாய்ப்பே இருப்பதில்லை. நீச்சல் கற்றுத் தருபவர்கள் முதல் நாளே சொல்லியாக வேண்டிய செய்தி இது. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த தலைமுறைகள் கல் கட்டி இறங்கிய ஆழத்தில், அந்த உந்துதலை மதித்து உரிய நேரத்தில் மேலேறுவதே உயிரைக் காத்தது.

ஓடத் தொடங்கியதும்

உழைப்பு தொடங்கிய முதல் நொடிகளிலேயே மூச்சு சட்டென்று ஏறுகிறது. தசையில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தோடு நுரையீரலையும் மூளையையும் எட்டுவதற்குக்கூட அப்போது நேரம் ஆகியிருக்காது. 1913இல் குரோக்கும் யோஹன்னஸ் லிண்ட்ஹார்டும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தசைக்கு ‘இயங்கு’ என்று ஆணையிடும் மூளையின் மேற்பகுதி, அதே கணத்தில் மூச்சு மையத்துக்கும் இதயத்துக்கும் அந்த ஆணையின் பிரதியை அனுப்புகிறது. கூடவே தசைகளிலும் மூட்டுகளிலும் இருந்து வரும் நரம்புச் செய்திகளும் சேர்கின்றன. ஒருவர் தானாக எதுவும் செய்யாமல், மற்றவர் அவர் காலை மடக்கி நீட்டினால்கூட மூச்சு கூடுவது இதைக் காட்டுகிறது. முதல் தாவலுக்குப் பிறகு சில நிமிடங்கள் மூச்சு படிப்படியாக ஏறி, உழைப்பு ஒரே அளவில் தொடர்ந்தால் ஒரு மட்டத்தில் நிலைக்கிறது.

மிதமான உழைப்பில் இந்த ஏற்றம் வியக்கத்தக்க துல்லியம் கொண்டது. தசை உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு எத்தனை மடங்கு கூடுகிறதோ, கிட்டத்தட்ட அத்தனை மடங்கு காற்றோட்டமும் கூடுகிறது. ஆகவே இரத்தத்தில் அதன் அளவு மாறுவதே இல்லை. அளவு மாறாவிட்டால் வேதி உணரிகள் எதைக் கண்டு மூச்சை ஏற்றுகின்றன? மூளையின் முன்னாணை, தசை நரம்புச் செய்தி, கழுத்து உணரிகளின் நுண்திருத்தம் ஆகிய மூன்றும் கலந்த விடையையே இன்றைய உடலியல் தருகிறது. ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் நூறாண்டாக ஓயவில்லை. ஒன்றை அடக்கினாலும் மற்றவை ஈடுகட்டிவிடுவதே அதற்குக் காரணம். உயிர் வாழ்வதற்கு இவ்வளவு இன்றியமையாத வேலையை இயற்கை ஒரே கம்பியில் தொங்கவிடவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

உழைப்பு ஏற ஏற, மூச்சின் ஆழம் உயிர்ப்புத்திறனில் பாதிக்குச் சற்று மேல் வரை போகிறது. அதன் பிறகு எண்ணிக்கைதான் கூடும், நிமிடத்துக்கு 40, 50 என. காற்றோட்டம் 35 முதல் 40 லிட்டரைத் தாண்டும் இடத்தில் மூக்கு மட்டும் போதாமல் வாய் திறக்கிறது. அட்ரினலின் மூச்சுக்குழல்களைச் சற்றே விரித்துக் கொடுக்கிறது.

உச்ச உழைப்பின் பாதியைத் தாண்டிய ஓரிடத்தில், பயிற்சி பெற்றவரிடம் இன்னும் மேலே, மூச்சு திடீரென்று உழைப்பை முந்துகிறது. தசையில் லாக்டிக் அமிலம் அகற்றப்படும் வேகத்தை விட உண்டாகும் வேகம் மிஞ்சுவதும் அங்கேதான். பைகார்பனேட் அந்த அமிலத்தை ஈடுகட்டும்போது கூடுதல் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, எஞ்சிய அமிலம் கழுத்து உணரிகளை உசுப்புகிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குவது என்று சொல்லும் நிலை இதுதான். கருவி எதுவுமின்றி இந்த எல்லையை அறியலாம். அதற்குக் கீழே ஓடுபவர் முழு வாக்கியமாகப் பேசுவார், அதைத் தாண்டினால் பேச்சு அறுந்து அறுந்து வரும். ஓட்டப் பயிற்சியாளர்கள் இதை நம்பியே வேகத்தை அமைக்கிறார்கள். இந்த நிலையில் இரைப்பவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரைப்பது அமிலத்தைக் குறைக்கும் வேலை.

ஓட்டம் நின்ற பிறகும் சில நிமிடம் மூச்சு வாங்குகிறது. இதை ஏ. வி. ஹில் 1920களில் ‘ஆக்சிஜன் கடன்’ என்று பெயரிட்டு, லாக்டிக் அமிலத்தை அகற்றச் செலவாகும் ஆக்சிஜன் என்று கருதினார். பின்னர் வந்த ஆய்வுகள் அந்தக் கணக்கைத் திருத்தின. தசையின் கிரியேட்டின் பாஸ்பேட்டை நிரப்புவது, உயர்ந்த உடல் வெப்பம், இன்னும் தணியாத இதயத் துடிப்பு, ஹார்மோன்கள் என்று பலவும் அந்தக் கடனில் பங்கு கொள்கின்றன. மறுநாள் தசை வலிப்பதற்கும் லாக்டிக் அமிலத்துக்கும் தொடர்பில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடும்.

கபடி இந்த உடலியலைத் தனி வழியில் சோதிக்கும் விளையாட்டு. பாடிப் போகிறவர் ஒரே மூச்சில், மறு மூச்சு இழுக்காமல், எதிரணிக் களத்தில் தாவியும் உதைத்தும் திரும்ப வேண்டும். இன்றைய போட்டி விதிகளில் அதற்கு 30 நொடி. பாடுவது என்பது மூச்சை அடக்குவது அல்ல. குரல்நாண்களின் இடுக்கு வழியே காற்றைச் சிறுகச் சிறுக விடுவது. அந்த நேரத்துக்குத் தசைகளில் ஏற்கெனவே உள்ள கிரியேட்டின் பாஸ்பேட்டும் சர்க்கரைச் சிதைவும் பெரும்பகுதி ஆற்றலைத் தந்துவிடும். பாடுபவரை முதலில் நெருக்குவது ஏறிக்கொண்டே போகும் கார்பன் டை ஆக்சைடு. அதைத் தாங்கிப் பழகுவதும், பிடியில் சிக்கித் திமிறும்போதும் காற்றைச் சிதறவிடாமல் பாடுவதும் நெஞ்சு அகலத்தை விடப் பழக்கத்தையே சார்ந்த திறன்.

எல்லை எங்கே

உச்ச உழைப்பில் காற்றோட்டம் 15, 20 மடங்கு ஏறுகிறது. இதயம் செலுத்தும் இரத்தமோ சாதாரண இளைஞரிடம் நான்கு மடங்குதான், நிமிடத்துக்கு 5 லிட்டரிலிருந்து 20. ஓய்வில் ஒவ்வொரு லிட்டர் இரத்தத்திலிருந்தும் திசுக்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் 50 மில்லி லிட்டர். உச்ச உழைப்பில் அது 150. முன்னதைப் பெருக்கினால் 250 மில்லி லிட்டர், பின்னதைப் பெருக்கினால் 3 லிட்டர். ஆக்சிஜன் பயன்பாட்டின் உச்சத்தைக் காட்டும் இந்தக் கணக்கில், ஆரோக்கியமானவரின் நுரையீரல் தடையாக நிற்பதில்லை. முழு வலிமையோடு வேண்டுமென்றே மூச்சு விட்டால் எட்டக்கூடிய அளவை உச்ச ஓட்டத்திலும் அவர் எட்டுவதில்லை. தடை பெரும்பாலும் இதயம் செலுத்தக்கூடிய இரத்த அளவில் இருக்கிறது. வெளியே எடுத்து வைத்த சொந்த இரத்தத்தைத் திரும்ப ஏற்றினால் ஓட்டத்திறன் உயர்வதும், அதனாலேயே போட்டிகளில் அது தடை செய்யப்பட்டதும் இதை உறுதி செய்கின்றன.

விதிவிலக்கு உச்ச நிலை வீரர்கள்தான். 1984இல் ஜெரோம் டெம்ப்சி குழுவினர் தேர்ந்த ஓட்டக்காரர்கள் சிலரிடம் கடும் உழைப்பின்போது தமனி ஆக்சிஜன் இறங்குவதைப் பதிவு செய்தார்கள். பல ஆண்டுப் பயிற்சியில் அவர்களுடைய இதயம் நிமிடத்துக்கு 35 லிட்டர் வரை செலுத்தும்படி வளர்ந்துவிட்டது. நுரையீரல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட, இரத்தம் நிறைவதற்குள் கடந்துவிடுகிறது. மூச்சுத் தசைகளின் செலவும் இங்கே தெரியத் தொடங்குகிறது. மிதமான உழைப்பில் மொத்த ஆக்சிஜனில் 3 முதல் 5 விழுக்காடு அவற்றுக்குப் போகும். உச்சத்தில் இது 10, சிலரிடம் 15 விழுக்காடு. அந்த இரத்தம் கால் தசைகளுக்குப் போகவேண்டிய பங்கிலிருந்து பிரிந்து வருவது.

பயிற்சி மாற்றுவது

சில மாத ஓட்டப் பயிற்சிக்குப் பின் உயிர்ப்புத்திறனை அளந்தால் பெரிய மாற்றம் இருக்காது. வளர்ந்த மனிதரின் நுண்ணறைகள் பயிற்சியால் பெருகுவதில்லை. வளரும் வயதில் தீவிரமாக நீந்தியவர்களுக்கும், ஆண்டிஸ் மலையின் உயர்ந்த பகுதிகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் நுரையீரல் சற்றுப் பெரிதாக இருப்பதுண்டு. மாற்றம் பிற இடங்களில் நிகழ்கிறது. இதயத்தின் இடது அறை பெருத்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தம் தள்ளுகிறது. இரத்தத்தின் மொத்த அளவு கூடுகிறது. தசை இழைகளைச் சுற்றித் தந்துகிகள் பெருகுகின்றன. 1967இல் ஜான் ஹோலோஸி எலிகளை ஓடவைத்து, அவற்றின் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதைக் காட்டினார். மனிதத் தசையிலும் அதே போக்கு பின்னர் உறுதியானது. விளைவாக, அதே வேகத்தில் ஓடும்போது லாக்டிக் அமிலம் குறைவாக உண்டாகிறது, ஆகவே மூச்சும் குறைவாகவே தேவைப்படுகிறது. படி ஏறினால் இனி இரைப்பதில்லை என்று மகிழ்பவரின் நுரையீரல் மாறவில்லை. அவர் கால் தசையும் இதயமும் மாறியிருக்கின்றன.

எதிர்த்திசைப் பாடம் டல்லாஸில் 1966இல் கிடைத்தது. 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். அவர்களுடைய உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கால் பங்குக்கு மேல் சரிந்தது. பிறகு பயிற்சி தந்ததும் மீண்டது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தபோது, முப்பதாண்டு முதுமை விளைவித்த இழப்பு அந்த மூன்று வாரப் படுக்கை விளைவித்த இழப்பை விடக் குறைவு என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுந்து நடக்கச் சொல்லும் இன்றைய மருத்துவ வழக்கத்துக்குப் பின்னால் இத்தகைய சான்றுகள் இருக்கின்றன.

பூரகம் (இழுத்தல்), கும்பகம் (நிறுத்தல்), ரேசகம் (விடுதல்) என்று மூச்சை வகுத்துப் பழகும் பிராணாயாமத்தின் பயன் வேறு தளத்தில் உள்ளது. லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தா 1924இல் கைவல்யதாமத்தை நிறுவி இதைக் கருவி கொண்டு அளக்கத் தொடங்கினார். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவில் மெதுவாக விடும்போது இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் மூச்சின் தாளத்தோடு இசைந்து ஏறி இறங்குகின்றன, உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பின் செயல் மேலோங்குகிறது. பதற்றத்தில் மேலோட்டமாக இரைப்பவருக்கு இது உண்மையான பயன். இதயத்தையும் தசையையும் ஓட்டம் மாற்றுவதுபோல் மாற்ற அதனால் இயலாது. இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாகச் சொல்வது இரண்டுக்கும் அநீதி.

சூழலும் நோயும்

உதகமண்டலத்தின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்குதான். சமவெளியிலிருந்து போனவர் மேடேறினால் சீக்கிரமே இரைப்பார். எவரெஸ்ட் உச்சியில் 1981இல் அளந்த அழுத்தம் 253 மி.மீ., மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஏறுபவர் வெகுவேகமாக மூச்சு விட்டுக் கார்பன் டை ஆக்சைடை 8 மி.மீ.க்கும் கீழே கொண்டுபோய்த்தான் நுண்ணறையில் ஆக்சிஜனுக்கு இடம் உண்டாக்குகிறார்.

குளிர்ந்த வறண்ட காற்றை வாய்வழியே அதிகம் இழுக்கும்போது மூச்சுக்குழல் சுவர் ஈரமிழந்து, ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குழல் இறுகுகிறது. ஓட்டம் முடிந்த சில நிமிடங்களில் இழுப்பு வருவது இதனால். முன்கூட்டியே மருந்து உறிஞ்சுவதும், மெதுவாகத் தொடங்குவதும் பெரும்பாலும் போதும். ஈரப்பதம் மிகுந்த காற்றை இழுக்க வைப்பதால் நீச்சல் அவர்களுக்குப் பொருந்துகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையை விளையாட விடாமல் வைத்திருப்பது தேவையற்ற கொடுமை. மாசு வேறு விதம். ஓடுபவர் பத்து மடங்கு காற்று இழுத்தால் பத்து மடங்கு புகையையும் இழுக்கிறார். வண்டிப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பரபரப்பான சாலையோரத்தில் மாலை ஓட்டம் நல்ல தேர்வு அல்ல.

இருபதுகளின் நடுவில் உச்சத்தை எட்டும் நுரையீரல் திறன் அதன் பிறகு மெல்லக் குறைகிறது. முதல் நொடியில் ஊதித்தள்ளக்கூடிய காற்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் இறங்கும். பாதிப்புக்கு ஆளாகும் புகைபிடிப்பவர்களிடம் இது மிக வேகமாக இறங்குவதையும், பழக்கத்தை விட்டவுடன் இறங்கும் வேகம் சாதாரண அளவுக்குத் திரும்புவதையும் ஃபிளெட்சரும் பீட்டோவும் 1977இல் காட்டினர். இழந்தது திரும்பாது, இருப்பது காக்கப்படும். விறகடுப்புப் புகையில் பல ஆண்டு சமைத்த பெண்களிடமும் குழல் அடைப்பு நோய் இதே வழியில் வளர்கிறது. இந்நோயாளிகளுக்குக் குழல் குறுகியிருப்பதால் மூச்சை முழுக்க வெளியேற்ற நேரம் போதாது. நடக்கும்போது உள்ளே காற்று தேங்கித் தேங்கி நெஞ்சு உப்பி, அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போகிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதினால் குழல்கள் மூடாமல் காற்று வெளியேறும்.

திணறலுக்கு அஞ்சி அவர்கள் நடப்பதைக் குறைக்கிறார்கள். அதனால் கால் தசை மெலிகிறது, மெலிந்த தசை சிறிய வேலைக்கே லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது, திணறல் இன்னும் கூடுகிறது. மருத்துவமனைகளில் மேற்பார்வையோடு சில வாரங்கள் நடைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் தரும் நுரையீரல் மறுவாழ்வுத் திட்டங்கள் இந்த வட்டத்தைத் தசையின் பக்கத்திலிருந்து உடைக்கின்றன. முடிவில் சுவாசமானியில் ஊதச் சொன்னால் எண்கள் அநேகமாக முன்பிருந்தபடியே இருக்கும். ஆனால் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கும் தூரம் கூடியிருக்கும், அதே தூரத்துக்கு மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கும்.